தொட்டிக்கு உயரம் இல்லாத இடத்தில் பிரஷர் பார்ப்பது

பாளையங்கோட்டையில் எந்த கிளினிக்கில் பிரஷர் பார்க்க உட்கார்ந்தாலும், கஃப் சுற்றுவதற்கு முன் நர்ஸ் சொல்வது ஒன்றுதான்: "கையை மேசை மேல வைங்க அண்ணாச்சி." கஃப் இதயத்தின் மட்டத்துக்கு வர வேண்டும் என்பதற்காகச் சொல்வது. கை 10 செ.மீ. கீழே தொங்கினால் ரீடிங் 7, 8 புள்ளி கூடும். அதே அளவு மேலே போனால் அவ்வளவு குறையும். தட்டட்டித் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுக் குழாயில் பீய்ச்சி அடிக்கிறது, மாடிக் குழாயில் நூலாக வருகிறது அல்லவா, அதே கணக்கு. நிற்கும் ஆளுக்கு இதயத்தருகே சராசரி அழுத்தம் 100 என்றால், பாதத்தில் அது 190ஐத் தொடும். தலையில் 70 இருந்தால் பெரிது.

விண்வெளி நிலையம் பூமியைச் சுற்றும் பாதையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஈர்ப்பு இல்லை என்று நினைக்க வேண்டாம், 400 கி.மீ. உயரத்திலும் தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கத்தான் செய்கிறது. நிலையமும் ஆளும் ஆளுக்குள் ஓடும் ரத்தமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் எதற்கும் எடை இல்லை. தொட்டி, குழாய், தண்ணீர் மூன்றும் சேர்ந்து விழுந்தால் கீழ்வீட்டுக் குழாய்க்கு மட்டும் தனி அழுத்தம் எங்கிருந்து வரும்? விண்வெளி வீரர் கையைத் தொங்கவிட்டாலும் தலைக்கு மேல் தூக்கினாலும் மெஷின் ஒரே எண்ணைத்தான் காட்டும். நர்ஸுக்கு ஒரு வேலை மிச்சம். ஆனால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பம். தரையில் இதயத்தை அளக்கும் முறைகளில் முக்கால்வாசி, நமக்கே தெரியாமல், ஈர்ப்பின் மேல் சாய்ந்து நிற்பவை.

காவல்கிணறு பக்கம் மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருப்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான சிஇ-20 கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) என்ஜினை மனிதரை ஏற்றிச் செல்லத் தகுந்தது என்று உறுதிசெய்யும் சோதனைகள் அங்கே நடந்து, 2024 பிப்ரவரியில் முடிந்தன. நான்கு என்ஜின்கள், 39 எரியூட்டல்கள், மொத்தம் 8,810 விநாடி; தேவைப்பட்டதோ 6,350 விநாடிதான். ஒரு என்ஜினை நம்பி ஆளை அனுப்புவதற்கு முன், அதன் இயல்பு என்ன, எந்தச் சூழலில் எந்த எண் எவ்வளவு நகரும் என்று தரையிலேயே எழுதிவைத்துவிடுகிறார்கள். இதயம் என்கிற பம்புக்கும் வழி அதுதான். ஒரு வித்தியாசம்: என்ஜினை ஓட்டிப் பார்த்து நிறுத்தலாம், இதை நிறுத்தமுடியாது.

விண்வெளிக்குப் போன முதல் சில மணி நேரத்தில் நடப்பது இது. தரையில் கால்களில் தேங்கி நிற்கும் ரத்தமும் திசுநீரும் ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர் வரை மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடும். முகம் உப்பும், மூக்கு அடைக்கும், கால் குச்சியாகும். 'கொக்குக் கால்' என்று வீரர்களே கேலி பேசிக்கொள்வதுண்டு. இதயத்துக்கு வரும் ரத்தம் கூடியதும், உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று உடல் தப்புக்கணக்கு போடுகிறது. தாகம் குறையும். குமட்டலில் சாப்பாடும் தண்ணீரும் உள்ளே போவது இன்னும் குறையும். சில நாட்களுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா 10 முதல் 15 சதவீதம் குறைந்து, அங்கேயே நிலைகொள்ளும். சிவப்பணுக்களும் தப்புவதில்லை: தரையில் விநாடிக்கு 20 லட்சம் அணுக்கள் அழிகின்றன என்றால், விண்வெளியில் 30 லட்சம்.

இந்த நிலையில் மேலே இருக்கும் ஆள் நோயாளி இல்லை. அந்த இடத்துக்குத் தேவையான அளவுக்கு அவர் உடம்பு சரிசெய்துகொண்டுவிட்டது. தரையில் உள்ள டாக்டர் தரையின் 'நார்மல்' அட்டவணையை வைத்துக்கொண்டு அந்த ரிப்போர்ட்டைப் படித்தால் தப்பாகத்தான் படிப்பார்.

இதற்கு நல்ல உதாரணம் மைய சிரை அழுத்தம், அதாவது இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தின் அழுத்தம். இவ்வளவு நீர் மார்புக்கு ஏறுகிறதே, அது கூடத்தானே வேண்டும்? எல்லோரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 1990களில் அமெரிக்காவின் ஷட்டில் விண்கலத்தில் சென்ற ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடப் பயணங்களில், இதயத்தருகே வரை கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செருகிய நிலையிலேயே வீரர்களை ஏவி அளந்தார்கள். அழுத்தம் இறங்கியிருந்தது! அதே நேரம் எக்கோவில், அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படத்தில், இடது கீழறையின் விட்டம் 4.6 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ.க்கு அருகே விரிந்திருந்தது. அழுத்தம் குறைவு, ஆனால் அறை நிறைவு. எடை போனதும் விலாக்கூடு விரிகிறது, நுரையீரலும் மற்ற உறுப்புகளும் இதயத்தின் மேல் சாய்ந்து அமுக்குவது நிற்கிறது. வெளியே அமுக்கும் அழுத்தம், உள்ளே இருக்கும் அழுத்தத்தைவிட அதிகமாகக் குறைந்துவிட்டதால் அறை தாராளமாக நிரம்புகிறது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் 'நீர் வற்றிவிட்டது, ஏற்று' என்று சொல்லியிருப்பார்கள். இந்தத் துறையில் வந்த அளவீடுகளிலேயே அதிகம் கற்றுத்தந்தது இதுதான் என்பது என் எண்ணம்.

இனி கருவிகள்.

ஈசிஜியில் அங்கேயும் இங்கேயும் முதல் எதிரி தோல்தான். முடியை மழிக்க வேண்டும், ஆல்கஹால் பஞ்சால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும், லேசாகத் தேய்த்து மேல்தோலின் காய்ந்த படலத்தை நீக்க வேண்டும். அப்புறம்தான் எலக்ட்ரோடு, அதாவது இதயத்தின் மின்துடிப்பைப் பிடிக்கும் ஒட்டு. இதில் ஒன்றைத் தாண்டினாலும் கோடு அலையடிக்கும். தரையில் பழக்கமான 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் அங்கே சுவரிலிருந்து வராது. நிலையத்தில் ஓடுவது நேர்மின்சாரம், அமெரிக்கப் பகுதியில் 120 வோல்ட், ரஷ்யப் பகுதியில் 28. பதிலுக்கு வேறு தொல்லை. படுக்கையில் கிடக்கும் நோயாளியின் தசை தானாகத் தளர்ந்திருக்கும். மிதக்கும் ஆள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார், கால்விரலைக் கொக்கிபோல் மாட்டியிருப்பார். அந்தத் தசை நடுக்கமெல்லாம் கோட்டில் புல் முளைத்தாற்போல் தெரியும். ஆளை வாரால் கட்டி, கை கால் தளரவிட்ட பிறகு பதிவு எடுத்தால்தான் சுத்தமாக இருக்கும். வயரும் தொங்காது, மிதந்து ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் எலக்ட்ரோடை இழுக்கும். ஒரு சுற்றுத் தளர்வு விட்டு, தோலோடு டேப் ஒட்டிவிட வேண்டும்.

கோடு சுத்தமாக வந்தாலும் வடிவம் கொஞ்சம் மாறியிருக்கும். வயிற்று உறுப்புகளின் எடை கீழே இழுக்காததால் உதரவிதானம் மேலேறி, மார்புக்குள் இதயத்தின் சாய்வு மாறுகிறது. நின்றபடி எடுத்த ஈசிஜிக்கும் படுத்து எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் போல. அதனால் ஒப்பிட வேண்டியது பாடப்புத்தகப் படத்தோடு இல்லை, அதே ஆளின் பழைய பதிவோடு.

நிலையத்துக்கு வெளியே விண்வெளி உடையணிந்து வேலை செய்யும்போது மூன்று எலக்ட்ரோடு, ஒரே லீடு, அதாவது இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பார்க்கும் ஒரே கோடு. ஆறேழு மணி நேர வியர்வையில் ஒட்டு கழன்றால் உள்ளே கைவிட்டுச் சரிசெய்ய வழி கிடையாது, அதனால் ஒட்டும் வேலையை உடைக்குள் நுழையும் முன்பே அக்கறையாகச் செய்துவிடுவார்கள். ஒரு லீடில் மாரடைப்பு எந்தச் சுவரில் என்றெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. துடிப்பின் வேகமும் தாளமும் தெரியும். அங்கே தேவையும் அதுதான்.

தாளம் தப்பிய வரலாறு உண்டு. 1971இல் நிலவுக்குப் போன அப்பல்லோ 15 பயணத்தில் வீரர் ஜேம்ஸ் இர்வினுக்கு பைஜெமினி வந்ததைத் தரையில் உட்கார்ந்து ஈசிஜியில் பார்த்தார்கள்: ஒரு சரியான துடிப்பு, அடுத்தது முந்திக்கொண்டு வரும் துடிப்பு, இப்படி மாறி மாறி. நிலவில் உழைத்த களைப்பு, நீரிழப்பு, பொட்டாசியக் குறைவு எல்லாம் சேர்ந்தது என்று கணித்தார்கள். அடுத்த அப்பல்லோ 16இல் பொட்டாசியம் சேர்த்த ஆரஞ்சுச் சாறாகக் குடிக்கவைத்தார்கள். வயிற்றில் வாயு தாங்கவில்லை என்று அதன் வீரர் ஜான் யங் புலம்பியது மைக் வழியே உலகத்துக்கே கேட்டது. இளநீர் கொடுத்திருக்கலாம் என்று நம்மூரில் சொல்லத் தோன்றும். 1987இல் சோவியத்தின் மிர் விண்வெளி நிலையத்தில் இருந்த வீரர் அலெக்சாண்டர் லாவெய்கினை, ஈசிஜியில் தாளக்கோளாறு கண்டு, திட்டமிட்டதற்கு முன்பே இறக்கிக்கொண்டார்கள்.

2019இல் கனடா விண்வெளி அமைப்பு நிலையத்தில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த பனியன் இந்த ஒட்டு வேலையைக் குறைத்தது. துணிக்குள்ளேயே நெய்த எலக்ட்ரோடுகள், மூச்சை அளக்கும் பட்டைகள், வெப்பம், அசைவு, நெற்றிப்பட்டையில் ஆக்சிஜன் அளவி. தூங்கும்போதும் உடற்பயிற்சியின்போதும் கழற்ற வேண்டாம். துணி தோலோடு ஒட்டி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் பலவீனம். அளவு தப்பினால், தளர்ந்த இடத்தில் கோடு உடையும்.

எக்கோதான் உண்மையில் கடினம். தரையில் எக்கோ எடுக்கும்போது ஏன் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறார்கள்? இதயம் தன் எடையால் மார்புச் சுவரை நோக்கிச் சாய்ந்து வரும், நடுவில் மறைக்கும் நுரையீரல் விலகும். காற்று நிறைந்த நுரையீரலை அல்ட்ராசவுண்ட் ஊடுருவாது. மிதக்கும் ஆளை இடப்பக்கம் திருப்பினாலும் வலப்பக்கம் திருப்பினாலும் இதயம் எங்கும் சாயப்போவதில்லை. மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, அந்தச் சில விநாடிகளுக்குள் விலா இடைவெளியில் இதயம் தெரியும் சன்னலைத் தேட வேண்டும்.

அடுத்த சங்கடம், மார்பில் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவியான புரோபை அழுத்துவது. அழுத்திய விசைக்குச் சமமாக அழுத்தியவர் பின்னால் போவார். பார்ப்பவர் காலை வாரில் மாட்டி, பார்க்கப்படுபவரும் கட்டப்பட்டிருந்தால்தான் படம் நிற்கும். தனக்குத் தானே பார்த்துக்கொள்வது இந்த விஷயத்தில் சுலபம். தள்ளும் கையும் தள்ளப்படும் மார்பும் ஒரே உடம்பு. ஜெல் மட்டும் ஒத்துழைக்கும், ஏனென்றால் வழிந்து ஓடாது. தோலில் அப்பிய இடத்திலேயே இருக்கும். அதிகம் பிதுக்கினால் உருண்டையாகக் கழன்று அறையில் மிதக்கும், அதைத் துரத்திப் பிடித்துத் துடைப்பது தனி வேலை.

எக்கோ எடுப்பவர் பெரும்பாலும் டாக்டர் இல்லை. தரையில் இருக்கும் நிபுணர் அதே படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் மேலே, புரோபின் வாலைச் சாய்த்துப் பிடி, அப்படியே நிறுத்து" என்று சொல்லிச் சொல்லி எடுக்கவைப்பார். பூமிச் சுற்றுப்பாதையில் இது நடக்கும். நிலவுக்கும் பூமிக்கும் இடையே சொல் போய்ப் பதில் வர இரண்டரை விநாடிக்கு மேல், தடுமாறிக்கொண்டு செய்யலாம். செவ்வாய்க்கு ஒருவழிக்கே 3 முதல் 22 நிமிடம். அங்கே போகிறவர் படத்தைத் தானே எடுத்து, தானே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இதயத்தைப் பார்க்கிறோம் என்று கழுத்தை விட்டுவிடக் கூடாது என்பதும் பட்டுத் தெரிந்த பாடம். நிற்கும்போதும் உட்காரும்போதும் கழுத்துச் சிரை கிட்டத்தட்ட ஒட்டிப்போய் இருக்கும், படுத்தால் நிரம்பும். விண்வெளியில் இருபத்துநாலு மணி நேரமும் நிரம்பியே கிடக்கும். 11 வீரர்களின் கழுத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், 6 பேருக்கு ரத்தம் தேங்கியோ பின்னோக்கியோ ஓடியது. ஒருவருக்கு இடது கழுத்துச் சிரையில் ரத்தக்கட்டி. பறந்து இரண்டு மாதம் ஆன நிலையில், எந்த வலியும் இல்லாமல், ஆராய்ச்சிக்காக எடுத்த படத்தில் அது அகப்பட்டது.

அந்த மருத்துவம் நடந்த விதம், கையிருப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கே பாடம். நிலையத்தில் இருந்தது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஊசிமருந்தான எனாக்ஸாபரின் 20 குப்பி, ஒவ்வொன்றிலும் 300 மி.கி. உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மி.கி. வீதம் தினம் ஒரு ஊசி என்று ஆரம்பித்தார்கள். மாத்திரை வரும்வரை தாக்குப்பிடிக்க, 33 நாள் கழித்து அதைக் கிலோவுக்கு 1 மி.கி. ஆக்கினார்கள். சரக்குக்கலம் கொண்டுவந்த, அதே வேலையைச் செய்யும் அபிக்ஸாபன் மாத்திரை 42ஆம் நாளில் தொடங்கியது. குப்பியிலிருந்து ஊசியில் மருந்து ஏற்றுவதே அங்கே தனி வித்தை. காற்றுக் குமிழி மேலே ஏறாது, மருந்தோடு கலந்து நிற்கும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உடம்பில் இருக்கும்போது இறங்குவது ஆபத்து என்பதால், தரையிறங்க நான்கு நாள் இருக்கும்போது நிறுத்தினார்கள்.

நிஜமாகவே இதயம் நின்றால்? மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தைத் தாளத்துக்குக் கொண்டுவரும் டீஃபிப்ரிலேட்டர் நிலையத்தில் உண்டு. ஆளை மின்காப்புள்ள பலகையில் வாரிட்டுக் கட்டிய பிறகுதான் ஷாக். நெஞ்சை அமுக்குவதற்குத் தரையில் நம் உடல் எடை உதவுகிறது. அங்கே எடை ஏது? அதனால் தலைகீழாக நின்று, பாதத்தை எதிர்ச்சுவரில் ஊன்றி உதைத்து, இரண்டு கையால் மார்பை அமுக்குகிறார்கள். தேவை இங்குள்ள அதே 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. கால்பலத்தால் செய்வதால் சீக்கிரம் தளரும்.

மாதக்கணக்கில் தங்கினால் இதயத்தின் உருவமே மாறும். 12 வீரர்களின் எக்கோவில் இதயம் 9.4 சதவீதம் கூடுதலாக உருண்டையாகியிருந்தது. திரும்பியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது. 340 நாள் தங்கிய ஸ்காட் கெல்லிக்கு இடது கீழறைத் தசை வாரத்துக்கு 0.74 கிராம் வீதம் கரைந்தது, தினமும் ஓடியும் பளு தூக்கியும்கூட. பம்ப் செய்யும் திறன் குறையவில்லை. பனையேறியின் தொடையையும் நாற்காலியில் உட்கார்ந்தவர் தொடையையும் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் இல்லை. ஏற வேண்டாத ரத்தத்தை ஏற்ற எதற்கு அவ்வளவு தசை? இதைத் தடுக்கத்தான் தினம் இரண்டு மணி நேரப் பயிற்சி: உடலை எலாஸ்டிக் வாரால் கீழே இழுத்துக் கட்டிய டிரெட்மில், சைக்கிள், வெற்றிட உருளைகளை எதிர்த்துத் தூக்கும் பளுக்கருவி. ஓடும்போது மார்புப்பட்டை இதயத்துடிப்பைப் பதிந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவு அளவீடும் கடைசியில் சோதிக்கப்படுவது தரையில் எழுந்து நிற்கும் பத்து நிமிடத்தில். ரத்தம் குறைவு, இதயம் சின்னது, காலின் ரத்தக்குழாய்கள் இறுகும் பழக்கத்தை மறந்துவிட்டன. எழுந்ததும் ரத்தம் காலுக்கு வடியும், தலைக்குப் போதாது, கண் இருட்டும். மிர் காலத்தில் நீண்ட பயணம் முடித்த 6 பேரைச் சோதித்தபோது 5 பேரால் பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. அதற்கான ஏற்பாடுகள் எளிமையானவை: இறங்கும் நாளில் உப்பு மாத்திரை 8, ஒவ்வொன்றும் ஒரு கிராம், கூடவே ஒரு லிட்டர் தண்ணீர். இடுப்பையும் காலையும் அமுக்கும் இறுக்கமான உடை. ரஷ்யர்கள் இறங்குவதற்கு முந்தைய வாரங்களில் 'சிபிஸ்' என்ற உறிஞ்சும் கால்சட்டையைப் போட்டு, ரத்தத்தைக் காலுக்கு இழுத்துப் பழக்குவார்கள். சீட்டில் சாய்ந்து படுத்தபடி இறங்குவதும் இதற்காகத்தான். 4 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் நான்கு மடங்கு வேகமாற்றம் தலையிலிருந்து காலுக்குப் போகாமல் மார்பிலிருந்து முதுகுக்குப் போகும். பயிற்சியோடு, இறங்கியதும் சலைன் ஏற்றிய 12 பேரில் ஒருவரும் அடுத்த 24 மணி நேரத்தில் மயங்கவில்லை என்று 2019இல் இன்னொரு ஆய்வு சொன்னது.

இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். காய்ச்சலில் ஒரு வாரம் கட்டிலில் கிடந்த ஆச்சியின் உடம்பு, சின்ன அளவில், விண்வெளிக்குப் போய் வந்த உடம்புதான். அதனால்தான் ஆய்வாளர்களும் தலைப்பக்கத்தை 6 டிகிரி தாழ்த்திய கட்டிலில் ஆட்களை வாரக்கணக்கில் படுக்கவைத்து இதையெல்லாம் ஆராய்கிறார்கள். ஆச்சியை 5 நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள். எழுப்பி நிறுத்தி, ஒருவர் பக்கத்தில் பிடித்துக்கொள்ள, ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் பாருங்கள். நிற்கும்போது கையைத் தொங்கவிடாமல் இதய மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டிக் கணக்கு உள்ளே புகுந்து இறக்கத்தை மறைத்துவிடும். மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். தனியாகக் குளியலறைக்கு அனுப்ப வேண்டாம்.

ககன்யான் பயணம் மூன்று நாள் என்று திட்டம். தசை கரைவதற்கோ இதயம் உருண்டையாவதற்கோ அந்த நாள் போதாது. பிளாஸ்மா குறைவதற்கும் குமட்டலுக்கும் போதும். கலம் இறங்கப்போவது கடலில். அலையில் ஆடும் கலத்துக்குள் வாந்தி எடுத்தால் உள்ளே இருக்கும் கொஞ்ச நீரும் போகும். 18 நாள் விண்வெளி நிலையத்தில் தங்கிவிட்டு 2025 ஜூலை 15இல் கலிபோர்னியக் கடலில் இறங்கிய இந்திய வீரர் சுபான்ஷு சுக்லாவையும் கைத்தாங்கலாகத்தான் வெளியே கூட்டிவந்தார்கள். ககன்யான் வீரர்களுக்கும் முதல் பிரஷரைப் படுத்தபடியும், அடுத்ததை உட்காரவைத்தும், அதற்கப்புறம்தான் நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். அப்போது, "கையை மேல வைங்க" என்று மறுபடியும் யாராவது சொல்ல வேண்டியிருக்கும்.